மூன்றே முக்கால் சுற்று

எங்கள் படகின் ஸ்டியரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடிக்குத் திருப்ப மூன்றே முக்கால் சுற்று ஆகும். அப்பா ஒன்றே கால் சுற்றில் நின்றுவிட்டார்.

நின்றது படகுத்துறையில், அதிகாரி முன்னால், ஐந்து பேர் பார்க்க. ஐந்து பேரும் எங்கள் நிரந்தரப் பயணிகள். நீர்த்தேக்கத்தின் அக்கரையில் குடிநீர் இறைக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவதுதான் அப்பாவின் வேலை. பதினெட்டு வருடமாக இதே வேலை, இதே ஐந்து பேர். சாலை வழியாகவும் போகலாம், ஒன்றரை மணி நேரம் ஆகும். படகில் பன்னிரண்டு நிமிடம். மீதி நேரத்தை அவர்கள் வீட்டில் தூங்குகிறார்கள். அதனால் அப்பா மேல் அவர்களுக்கு ஒரு பாசம் உண்டு.

வருடத்துக்கு ஒரு தடவை நிலையத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து படகைச் சோதிப்பார். மிதவைச் சட்டைகளை எண்ணுவார், தீயணைப்பு உருளையை விரலால் தட்டிப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இந்த வருடம் வந்தவர் புதியவர். படிவத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. 'ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒரு கையால் கோடிக்குக் கோடி திருப்பிக் காட்ட வேண்டும்' என்று பதினோராவது வரியில் இருக்கிறதாம். இதற்கு முன் வந்தவர்கள் யாரும் பத்தாவது வரியைத் தாண்டியதில்லை.

அப்பா வலது கையால் திருப்பினார். ஒன்றே கால் சுற்றில் முகம் சிவந்தது. அதற்கு மேல் போகவில்லை.

"பரவால்ல, இன்னொரு தடவ பாக்கலாம்," என்றார் அதிகாரி.

இன்னொரு தடவையும் ஒன்றே கால்தான். ஏறவும் இல்லை, குறையவும் இல்லை.

"ரெண்டு கையால நல்லா திருப்புவாரு சார்," என்றார் பயணிகளில் ஒருவரான எலக்ட்ரீஷியன். "நாங்க தெனம் பாக்கறோமே."

"ஒரு கையாலன்னு போட்டிருக்கு."

"அப்ப இன்னொரு கை எதுக்கு சார் இருக்கு?"

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். அதில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றுக்கு நேராக 'ஸ்டியரிங் மாற்றப்பட்டது', இன்னொன்றுக்கு நேராக 'ஓட்டுநர் மாற்றப்பட்டார்'. இரண்டையும் காலியாகவே விட்டு, நகலை அப்பாவிடம் நீட்டினார். நல்ல மனிதர்.

"அடுத்த வெள்ளிக்கெழம வர்றேன். ரெண்டுல ஏதாவது ஒண்ணு பண்ணி வைங்க."

அன்று சாயங்காலம் அப்பா படிவத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். சட்டையைக் கழற்ற வலது கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தினார், சட்டையோடேயே உட்கார்ந்துவிட்டார்.

"கை போச்சு," என்றார். கரண்ட் போச்சு என்பதுபோல.

"போகல, போகல. மொதல்ல சாப்டுங்க," என்றார் அம்மா.

"மூணு வருஷமாவே போய்க்கிட்டுதான் இருக்கு. நான்தான் வெளிய சொல்லல."

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எப்போதும் இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருப்பவர். போன வேலை எது என்பது எங்களுக்கு மறந்துவிட்டது, அடுத்த வேலை எது என்பது அவருக்குத் தெரியாது. செய்தி கேள்விப்பட்டு ஓடிவந்ததாகச் சொன்னார். உண்மையிலேயே ஓடித்தான் வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"மச்சான், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. நான் இருக்கேன்."

"அதான் மாப்ள பயமா இருக்கு," என்றார் அப்பா.

"நெசமாத்தான் சொல்றேன். படகு லைசென்ஸ் எடுத்து வெச்சிருக்கேன் இல்ல? சும்மாதானே கெடக்கு."

"நீயும்தான் சும்மா கெடக்கற," என்றார் அம்மா. "ஸ்டியரிங்க மாத்தினா போதும்னு அந்தாளே எழுதிக் குடுத்திருக்காரு. ஆள எதுக்குடா மாத்தணும்? ஹைட்ராலிக்குன்னு ஒண்ணு வருதாம். கை வெச்சா போதும், தானா திரும்புமாம்."

"ஆமாக்கா, ஹைட்ராலிக் போட்டா ஒரு கொழந்த கூட ஓட்டும்."

"அப்ப கொழந்தையையே ஓட்டச் சொல்லு," என்றார் அப்பா.

பதினெட்டு வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, இனி குழந்தைகூடச் செய்யும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தால்தான் தன்னால் செய்ய முடியும் என்று தெரிகிறபோது ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். எதைப் போட்டாலும் சரி, வெள்ளிக்கிழமை தன்னால் திருப்ப முடியாமல் போனால் படகு மாமா கைக்குப் போகும் என்பது மேசையைச் சுற்றி இருந்த நால்வருக்கும் புரிந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே புரிந்திருந்தது.

வீட்டில் படித்தவன் நான் என்பதால், கடைக்குப் போய் எந்த ஸ்டியரிங் என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் படிப்பது வணிகவியல். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

காலையில் அம்மா தையல் கடைக்குப் போகுமுன் தன் அளவு நாடாவோடு படகுக்கு வந்தார். கேபிளின் நீளம் தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. ஸ்டியரிங்கிலிருந்து படகின் பக்கவாட்டில் ஓடி, பின்னால் மோட்டார் வரைக்கும் அளந்து, சாக்பீஸால் அங்கங்கே கோடு போட்டு, "வளைவுக்கு நாலு விரல் தாராளமா விடணும், இல்லன்னா பிடிக்கும்," என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவருக்கு அது ஒரு பெரிய சட்டைக் கை.

படகுச் சாமான் கடைக்காரரை எல்லோரும் 'அவசரம்' என்பார்கள். பிறந்ததிலிருந்து அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை. சுவர் முழுக்கக் கயிறுகளும் மோட்டார் விசிறிகளும் தொங்கும் அந்தக் கடையில், என் சீட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடி, தேடிய கண்ணாடியைத் துடைத்து, சீட்டைப் படித்தார்.

"யார் அளந்தது?"

"அம்மா."

"சுத்தமா இருக்கு. என்ன மோட்டாரு?"

"முப்பது குதிரை."

மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். முதலாவது சாதாரணக் கேபிள், இப்போது எங்களிடம் இருப்பது மாதிரியே. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் ஒரு தடித்த கம்பியைத் தள்ளும், கம்பி மோட்டாரைத் தள்ளும். இரண்டாவதும் கேபிள்தான், ஆனால் கையை விட்டாலும் ஸ்டியரிங் விட்ட இடத்திலேயே நிற்கும். மூன்றாவது ஹைட்ராலிக். கம்பிக்குப் பதிலாக எண்ணெய்.

"இதுல எது நல்லது?" என்றேன்.

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. கை முடியல. ஒன்னே கால் சுத்துக்கு மேல வரல."

"ஹைட்ராலிக் போடலாம். போட்டா யாரு கையும் வலிக்காது. ஆனா முப்பது குதிரைக்கு அது எதுக்கு? சட்டப் பட்டனப் போட கிரேன் வாங்கற மாதிரி." மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "கழட்டிப் பாத்தீங்களா?"

"எத?"

"கேபிளுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரே ஒரு நட்டு. அதக் கழட்டி விட்டுட்டு ஸ்டியரிங்கத் திருப்பணும். லேசாத் திரும்பினா மோட்டார்ல கோளாறு. அப்பவும் எறுகினா கேபிள்ல கோளாறு. ரெண்டும் லேசா இருந்தா, அப்ப சொல்லு, கைல கோளாறுன்னு."

யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். அந்த இருக்கையில் அப்பாவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததே இல்லை. நான் உட்கார்ந்ததில்லை, மாமா உட்கார்ந்ததில்லை, பயணிகள் அந்தப் பக்கம் காலைக்கூட நீட்ட மாட்டார்கள். மரியாதை. பதினெட்டு வருடமாக எல்லோரும் கட்டிக் காத்த மரியாதையால், அந்த ஸ்டியரிங் எவ்வளவு கனம் என்று உலகத்திலேயே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவரோ தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கிரீஸ் அடிக்கறீங்களா?" என்றார் அவசரம்.

"அடிக்காம? நெறையவே." இதை நான் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

"கம்பி உள்ள இருக்கும்போதா, வெளிய இருக்கும்போதா?"

"வெளியதான். வெளிய நிக்கும்போதுதானே பளபளன்னு தெரியுது."

அவசரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்பிய முழுசா உள்ள இழுத்துட்டுத்தான் அடிக்கணும். வெளிய இருக்கறப்ப அடிச்சா அத்தனை கிரீஸும் கேபிளுக்குள்ள போய் அடைச்சுக்கும். அது காய்ஞ்சு கல்லாகும். அது மேல இன்னும் அடிச்சா இன்னும் கல்லாகும். மாசத்துக்கு ஒரு தடவ அடிப்பீங்களா?"

"பரீட்சை சமயத்துல வாரத்துக்கு மூணு."

"பரீட்சைக்கும் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து, பரீட்சை நெருங்கும்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, "படகுக்குக் கிரீஸ் அடிக்கணும்" என்று எழுந்துவிடுவேன். படிக்காமல் இருப்பதற்கு அதைவிடக் கண்ணியமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள், மெச்சவும் மெச்சுவார்கள். அப்பா வருடத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்தார். எப்படி அடிப்பது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்கள் எல்லாம் இப்படித்தான் கைமாறும். ஆறு பருவம், பருவத்துக்கு ஐந்து தாள். குறைத்துக் கணக்கிட்டாலும் முப்பது முறை. எனக்கு மூன்றாம் வருடம் முடிகிற நேரம். மூணு வருஷமாவே போய்க்கிட்டுதான் இருக்கு என்று அப்பா சொன்னது சரியாக இருந்தது.

"யாரு அடிக்கறது?" என்றார் அவசரம்.

"வீட்ல ஒருத்தர்."

"அந்த ஒருத்தர மோட்டாருக்குப் பத்தடி தள்ளியே நிக்க வை."

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். இரண்டு வழி இருந்தது. ஹைட்ராலிக்கை வாங்கினால் பழைய கேபிள் குப்பைக்குப் போகும், அதற்குள் இருக்கும் என் கல்வியும் சேர்ந்து போகும். அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா ஒரு விரலால் ஓட்டுவார், ஓட்டும்போதெல்லாம் தன் கை போய்விட்டது என்று நம்புவார், ஆறு மாதத்தில் தானே இறங்கிவிடுவார். சாதாரணக் கேபிளை வாங்கினால் போதும், கை போகவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு முதல் வழி மிகவும் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு, சட்டையைக் கழற்றத் தூக்கிய கை பாதியில் நின்றது ஞாபகத்துக்கு வந்து, ரசனை கெட்டது.

"பெட்டிய எடுத்து வைங்க, மத்தியானம் வந்து எதுன்னு சொல்றேன்," என்றேன்.

"அவசரமே இல்ல," என்றார் அவசரம்.

படகுத்துறையில் அப்பா படகின் தரையில் மல்லாந்து, தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். மாமா கரையில் நின்று படகை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி.

"மாமா," என்றேன், "அந்த ஸ்டியரிங்க ஒரு தடவ திருப்பிக் காட்டுங்க."

மாமா அப்பாவைப் பார்த்தார். தொப்பிக்கு அடியிலிருந்து, "உக்காரு மாப்ள. எப்படியும் உக்காரத்தானே போற," என்று குரல் வந்தது.

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையால் திருப்பினார். கால் சுற்று. இரண்டு கையையும் போட்டார். அரைச் சுற்று. எழுந்து நின்று, காலை ஊன்றி, பல்லைக் கடித்தார். முக்கால் வந்தது.

"என்னடா இது, பூட்டி வெச்சிருக்கீங்களா?"

தொப்பி விலகியது. அப்பா எழுந்து உட்கார்ந்து மாமாவையே பார்த்தார். "மாப்ள, வெளையாடாத."

"யாரு வெளையாடறா? கை செவந்து போச்சு மச்சான்!"

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் போய் அந்த நட்டைக் கழற்றினேன். மோட்டாரை ஒரு விரலால் தள்ளினேன். கதவு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "இப்பத் திருப்புங்க," என்றேன். மோட்டாரே இல்லாமல் வெறும் கேபிளைத் திருப்ப மாமா மறுபடி எழுந்து நின்றார். மறுபடி முக்கால்.

அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருடையதோ என்பது மாதிரி.

"கேபிள்தான்ப்பா," என்றேன். "கை இல்ல. உள்ள கிரீஸ் கல்லா அடைச்சிருக்கு."

"எப்படி அடைக்கும்? நான் வருஷத்துக்கு ஒரு தடவ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"கம்பி வெளிய இருக்கும்போது அடிச்சேன்."

"எத்தன தடவ?"

"பரீட்சைக்கு பரீட்சை."

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு அதற்கும் தெம்பில்லை.

"அத்தனையிலயும் பாஸாவது ஆனியாடா?"

"நாலு பாக்கி இருக்கு."

"இனிமே பரீட்சை வந்தா படி," என்றார். "படகு தாங்காது."

மாமா இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நின்றிருந்தார். "மூணு வருஷமா இதையா மச்சான் திருப்பிட்டிருந்தீங்க?" என்றார். அந்தக் கேள்வியில் முதல்முறையாக வேறு எந்தத் திட்டமும் இல்லை.

மத்தியானம் போய்ச் சாதாரணக் கேபிளை வாங்கிவந்தேன். அம்மா அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, தட்டை மட்டும் ஒரு சத்தத்தோடு வைத்தார். ஹைட்ராலிக் என்ற சொல்லையும் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. பழைய கேபிளை உருவ எங்கள் மூவருக்கும் ஒரு முழு நாள் ஆயிற்று. புதியதை மாட்ட ஒரு மணி நேரம். நீளம் சரியாக இருந்தது, நாலு விரல் தாராளம் உட்பட. கிரீஸை அப்பா அடித்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஐந்து பயணிகளும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதையும் மறந்து வரிசையாக நின்றார்கள். அப்பா உட்கார்ந்து வலது கையை வைத்தார். ஒன்று. ஒன்றே கால். அந்த இடத்தில் எலக்ட்ரீஷியன் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. இரண்டு. மூன்று. மூன்றே முக்காலில் ஸ்டியரிங் கோடியில் போய் முட்டி நின்றது. எலக்ட்ரீஷியன் கைதட்டினார், அதிகாரி திரும்பிப் பார்த்ததும் கொசு அடித்ததுபோல் பாவனை செய்தார்.

'ஸ்டியரிங் மாற்றப்பட்டது' கட்டத்தில் டிக் விழுந்தது. அதிகாரி போகும்வரை அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. போன பிறகுதான் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், இடது கையால் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

கேபிள் மாறிவிட்டது. மூன்று வருடம் கல்லைத் திருப்பிய தோளை மாற்ற அவசரத்தின் கடையில் பெட்டி எதுவும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அக்கரைக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியதும் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மாமா இந்தத் தடவை நடந்தே வந்தார். வாசலில் நின்றார்.

"மாப்ள, இன்னிலேருந்து சாயங்கால ட்ரிப் நீ ஓட்டு."

மாமா சந்தேகமாக அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"பாஸ் ஆயிட்டீங்களே மச்சான். அப்பறம் ஏன்?"

"ஆயிட்டேன். அதனாலதான் குடுக்கறேன். காலைல நான். சாயங்காலம் நீ."

"ரெண்டையும் வேணா நானே..."

"மாப்ள."

"சரி மச்சான்."

"யாராவது கேட்டா, நான் குடுத்தேன்னு சொல்லு. கை போச்சுன்னு சொன்னே, உன் கை போயிரும்."

மாமா சாவியை வாங்கிக்கொண்டார். அன்று ஐந்தரை மணிக்கு மோட்டார் சத்தம் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. அப்பா சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் படுத்திருந்தார், கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து அம்மா விளக்கை அணைத்தார். சத்தம் துறையை விட்டு நகர்ந்து, நடுத் தண்ணீருக்குப் போய், நிலையம் இருக்கும் பக்கம் திரும்பியது.

"ரொம்ப அகலமாத் திருப்பறான்," என்றார் அப்பா. சத்தம் மெல்லியதாகி அக்கரையில் நின்றது. அப்பா இடது பக்கமாகப் புரண்டு படுத்தார். படகு திரும்பி வந்தபோது உண்மையாகவே தூங்கிப்போயிருந்தார்.